கருப்பனுக்கு ஒரு டாக்டர், மிட்டாய்க்கு இன்னொரு டாக்டர்

அன்புள்ள செல்வம்,

சென்னை மடிப்பாக்கத்தில் வீடு அமைந்துவிட்டது என்று எழுதியிருந்தாய். நல்லது. தண்ணீர், வாடகை, பள்ளிக்கூடம் எல்லாம் விசாரித்துவிட்டுக் கடைசி வரியில், "அங்கே கருப்பன் நாய்க்கும் மிட்டாய்ப் பூனைக்கும் நல்ல கிளினிக் எது?" என்று கேட்டிருக்கிறாய். ஒரு பெயரைச் சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அது உனக்கு உதவாது. ஊசி போட நல்ல இடம், ஆபரேஷனுக்கு நல்ல இடம், ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கிக்கொண்டு ஓட நல்ல இடம், மூன்றும் ஒரே கூரையின்கீழ் அமைவது அபூர்வம். தனித்தனியாகத் தேடு. சாமான்களைப் பிரித்து அடுக்குவதற்கு முன்பே தேடு.

முதலில் வீட்டுப் பக்கத்துக் கிளினிக். கருப்பனைக் கூட்டிக்கொள்ளாமல் ஒரு சாயங்காலம் தனியாகப் போய் அரைமணி நேரம் உட்கார். உள்ளே போகும் ஒவ்வொரு நாயையும் எடை போடுகிறார்களா என்று பார். மருந்து அளவெல்லாம் கிலோ கணக்கில்தான், "இருபது கிலோ இருக்குமா?" என்று கண்ணாலேயே எடை போட்டு ஊசியை எடுக்கிற இடம் வேண்டாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சல் பார்க்க வேண்டும். 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை நாய், பூனை இரண்டுக்குமே சாதாரணம். மூக்கு காய்ந்திருக்கிறது, ஈரமாக இருக்கிறது என்பதெல்லாம் ஒரு கணக்கே இல்லை. உதட்டைத் தூக்கி ஈறு வெளுத்திருக்கிறதா, மஞ்சளாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்தே இரண்டு நிமிஷம்தான் ஆகும். அந்த இரண்டு நிமிஷம் இல்லாத இடத்தில் ஏசி இருந்து என்ன, சோபா இருந்து என்ன?

அடுத்து ஃபிரிட்ஜ். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூடானாலும் போச்சு, உறைந்தாலும் போச்சு. கதவுத் தட்டில் குப்பிகள், பக்கத்திலேயே டாக்டரின் தயிர்சாத டப்பா என்றால் கதவு எத்தனை தடவை திறக்கும் என்று நீயே கணக்குப் போட்டுக்கொள். கரண்ட் போனால் ஃபிரிட்ஜுக்கு இன்வெர்ட்டர் உண்டா என்றும் கேள். பல நோய்க்குச் சேர்த்துப் போடுகிற கூட்டு ஊசி இரண்டு குப்பியாக வரும்: ஒன்றில் உலர்ந்த வில்லை, இன்னொன்றில் கரைக்கும் திரவம். கண்ணெதிரே கலந்து உடனே போட வேண்டும். காலையிலேயே கலந்து சிரிஞ்சில் இழுத்து வைத்ததை மத்தியானம் போட்டால், உள்ளே இருக்கும் உயிருள்ள வைரஸ் அதற்குள் வலுவிழந்திருக்கும். நாய்க்குக் குத்து வாங்கியதுதான் மிச்சம். குப்பியில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்துக் கார்டில் ஒட்டி, தேதி போட்டு, டாக்டர் தன் பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டிக்கர் இல்லாமல் வெறும் டிக் அடித்த கார்டு நாளைக்கு எதற்கும் உதவாது.

உன் தம்பி வாங்கப்போகிற குட்டிக்கும் இதைச் சொல்லிவிடு. ஆறு எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று, கடைசி ஊசி 16 வாரத்திலோ அதற்குப் பிறகோ. வெறிநோய் ஊசி 12 வாரத்துக்கு மேல். நிறைய இடங்களில் பத்து, பன்னிரண்டு வாரத்தோடு "கோர்ஸ் முடிந்தது" என்று அனுப்பிவிடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சத்து குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை ஊசி மருந்தை அது அடக்கிவிடும். ஒவ்வொரு குட்டிக்கும் அது தீரும் வாரம் வேறு. "ஊசி போட்டும் பார்வோ வந்துடுச்சு" என்று, குட்டிகளைக் கொல்லும் அந்த வயிற்றுப்போக்கு நோயைச் சொல்லிப் புலம்புகிறவர்களில் பாதிப்பேர் கதை இதுதான் என்பது என் கணிப்பு. கருப்பனுக்கு வருஷா வருஷம் எலிக்காய்ச்சல் ஊசி விட்டுப்போகக் கூடாது. அதன் காவல் ஏறக்குறைய ஒரு வருஷம்தான், மடிப்பாக்கத்தில் ஐப்பசி மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும், எலி மூத்திரம் அதில்தான் கலக்கும். அது மனிதருக்கும் தொற்றுகிற நோய்.

ஆனால் ஒரு கிளினிக்கின் தரத்தை நிஜமாகக் காட்டிக்கொடுப்பது உண்ணிக் காய்ச்சல்தான். சென்னையில் உண்ணிக்கு ஓய்வு மாதம் கிடையாது. நாய் சாப்பிடாது, காய்ச்சல் ஏறும், ஈறு வெளுக்கும், சிலதுக்கு மூக்கில் ரத்தம் வரும். ஒரு கிளினிக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்ஸிசைக்ளின், டானிக், ஒரு பாட்டில் ட்ரிப்ஸ் என்று முடித்துவிடுவார்கள். இன்னொரு கிளினிக்கில் ஊதா மூடிக் குழாயில் ரத்தம் எடுப்பார்கள். காது நுனியில் லேசாகக் குத்தி ஒரு சொட்டைக் கண்ணாடித் தகட்டில் இழுத்து, சாயம் ஏற்றி, டாக்டரே மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். நீ போக வேண்டியது இரண்டாவது இடம். உண்ணி பரப்புகிற எர்லிக்கியா கிருமி என்றால் டாக்ஸிசைக்ளின் கேட்கும். பபீசியா கிப்ஸோனி என்கிற ரத்த ஒட்டுண்ணி என்றால் அந்த மாத்திரை மட்டும் போதாது, அதற்கு அடோவாகுவோனும் அஸித்ரோமைசினும் சேர்த்துக் கொடுப்பார்கள். பார்க்காமல் கொடுத்தால் பத்து நாள் வீணாகும், அதற்குள் நாயின் ரத்தம் பாதியாகியிருக்கும்.

எர்லிக்கியாவுக்கு டாக்ஸிசைக்ளின் கிலோவுக்கு 10 மி.கி., தினமும், 28 நாள். கருப்பன் 20 கிலோ என்றால் ஒரு நாளைக்கு 200 மி.கி. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி எடுக்கும், சோற்றோடு கொடு. ஐந்தாம் நாளே வாலாட்டிக்கொண்டு சாப்பிட ஆரம்பித்துவிடும். அப்போது மாத்திரையை நிறுத்துவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. ஐந்து நாளுக்கு மட்டும் எழுதிக்கொடுக்கிற டாக்டரும் உண்டு, ஏன் என்று கேள்.

இன்னொரு நுணுக்கம். ரத்தம் எடுக்கும்போது சரியாக வராமல், ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் கட்டிகட்டியாகச் சேர்ந்துவிட்டால், மெஷின் அந்தக் கட்டிகளை எண்ணாமல் "தட்டணு ரொம்பக் குறைவு" என்று அச்சடித்துத் தள்ளும். பூனைக்கு இது இன்னும் மோசம், அதன் தட்டணு பெரிது, மெஷின் சிவப்பணுவென்று எண்ணிவிடும். தகட்டை மைக்ராஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கிற ஒரு வட்டத்தில் ஒரு தட்டணு என்றால் ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் சுமார் 15,000 என்று கணக்கு வைத்து டாக்டர்கள் சரிபார்ப்பார்கள். "மெஷின் நம்பரைத் தகட்டில் பார்த்தீர்களா சார்?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுப் பார், ஆள் எப்படி என்று தெரிந்துவிடும். கருப்பன் சிப்பிப்பாறை வேறு. கிரேஹவுண்டு மாதிரி ஒல்லி வேட்டை நாய்களுக்கு இயல்பிலேயே சிவப்பணு கூடுதலாகவும் தட்டணு குறைவாகவும் இருக்கும். அதனால் அவன் நன்றாக இருக்கும்போதே ஒரு தரம் ரத்தம் பார்த்து அந்தத் தாளைப் பத்திரப்படுத்தி வை.

வேப்பேரியைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி, 1989 முதல் தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது. கண், எலும்பு, தோல், இருதயம் என்று தனித்தனியாகப் பார்க்க ஆள் உண்டு, எக்ஸ்ரே, ஸ்கேன் உண்டு, நாய்களுக்கு ரத்த வங்கியே உண்டு. செலவு தனியாரைவிடக் குறைவு. ஆனால் காலையிலேயே போய் வரிசையில் நிற்க வேண்டும், ஒரு நாள் போய்விடும் என்று வைத்துக்கொள். முதலில் மாணவர்கள்தான் கேட்பார்கள். அதற்குச் சலித்துக்கொள்ளாதே, அவர்கள் கேட்கிற அளவுக்கு விவரமாக வேறு எங்கும் கேட்க மாட்டார்கள். பழைய ரிப்போர்ட், கொடுத்த மாத்திரைப் பட்டை எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போ. ஊசி முடியாத குட்டியை அங்கே மட்டுமல்ல, எந்த ஆஸ்பத்திரித் தரையிலும் இறக்கிவிடாதே. பார்வோ வைரஸ் மாதக்கணக்கில் தாங்கும். குளோரின் பிளீச்சை முப்பது பங்கு தண்ணீரில் கலந்து துடைத்தால் அடங்கும், ஃபினாயில் வாசனையை நம்பிப் பிரயோஜனம் இல்லை.

ஆபரேஷனுக்கு வேறு கண்ணோடு பார்க்க வேண்டும். மயக்கம் எப்படிக் கொடுப்பீர்கள், ஊசியிலா கேஸிலா? மூச்சுக்குழாயில் டியூப் போடுவீர்களா? யார் அறுக்கிறாரோ அவரைத் தவிர மயக்கத்தைக் கவனிக்க இன்னொரு ஆள் உண்டா? நாக்கில் மாட்டுகிற ஆக்ஸிஜன் மீட்டர் உண்டா? ஒவ்வொரு ஆபரேஷனுக்கும் ஆட்டோகிளேவில் வைத்து, அதாவது நீராவியில் கிருமி நீக்கி எடுத்த தனிக் கருவி செட்டா? இதற்கெல்லாம் எரிச்சல்படாமல் பதில் சொன்னால் பாதி நிம்மதி. முந்தைய வாரம் ரத்தம், கிட்னி, ஈரல் பார்த்திருக்க வேண்டும். வளர்ந்த நாய்க்கு முந்தின ராத்திரிச் சாப்பாட்டோடு நிறுத்து. குட்டியை அத்தனை நேரம் பட்டினி போடாதே, சர்க்கரை இறங்கிவிடும். சிப்பிப்பாறை உடம்பில் கொழுப்பு இல்லாததால் தயோபென்டோன் ஊசி மயக்கம் தெளிய ரொம்ப நேரம் ஆகும், உடம்பும் சீக்கிரம் குளிர்ந்துவிடும்; இதை முதலிலேயே சொல்லிவிடு. மயக்கம் முழுசாகத் தெளிந்து தானாக எழுந்து நடக்காமல் வீட்டுக்கு அனுப்புகிற இடமாக இருக்கக் கூடாது.

மிட்டாய்க்கு வேறு டாக்டர் என்று தலைப்பிலேயே போட்டுவிட்டேன். பூனையைச் சின்ன நாய் என்று நினைத்து வைத்தியம் பார்க்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாராசிட்டமால் ஒரு மாத்திரை போதும் பூனை சாக. நாய்க்கு உண்ணி போக முதுகில் ஊற்றுகிற பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே. கிளினிக்கில் பூனைக்குத் தனி மூலையாவது இருக்கிறதா, கூடையை உயரத்தில் வைக்க இடம் உண்டா, பிடரியைப் பிடித்துத் தொங்கவிடாமல் துண்டில் சுற்றிப் பார்க்கிறார்களா என்று கவனி.

ஆண்பூனைக்கு ஒரே ஒரு அவசரம் நீ மனப்பாடம் செய்ய வேண்டும். மண் தட்டில் போய்ப் போய் உட்காரும், முக்கும், கத்தும், ஒரு சொட்டும் வராது. மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் கொடுத்துவிடாதே. அடிவயிற்றில் எலுமிச்சம்பழம் மாதிரிக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டால் மூத்திரம் அடைத்திருக்கிறது. ஒன்றிரண்டு நாளில் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இருதயம் நின்றுவிடும். மூத்திரப்பையை அமுக்கிப் பிதுக்குகிற கையிடம் கொடுக்காதே, உள்ளேயே கிழியும். மயக்கம் கொடுத்துப் பூனைக்கென்று உள்ள மெல்லிய குழாயைச் செருக வேண்டும். அந்தக் குழாய் இருப்பில் இருக்கிறதா என்று உன் ராத்திரி கிளினிக்கில் இப்போதே கேட்டு வை.

ராத்திரி கிளினிக் என்றதும் "24 மணி நேரம்" போர்டை நம்பிவிடாதே. ஒரு நாள் பதினொரு மணிக்கு மேல் போன் செய். டாக்டர் கட்டடத்திலேயே இருக்கிறாரா, அல்லது கம்பவுண்டர் கூப்பிட்டால் வீட்டிலிருந்து வருவாரா, ஆக்ஸிஜன் உண்டா, இரண்டே கேள்விதான். உள்நோயாளியாக விட்டால் இரவில் யார் பார்ப்பார் என்பதையும் சேர்த்துக்கொள்.

பில் விஷயத்தில் நீ சாமர்த்தியசாலி, உனக்கு நான் சொல்ல வேண்டாம். மருந்து, டெஸ்ட், ஊசி என்று பிரித்து எழுதி வாங்கு, அவ்வளவுதான். மாநகராட்சி உரிமம் எடுக்க வேண்டும், வெறிநோய் ஊசிச் சான்றும் மைக்ரோசிப்பும் கேட்பார்கள். மாநகராட்சியின் செல்லப்பிராணி மையங்களில் அந்த ஊசி இலவசம், மீனம்பாக்கத்தில் ஒன்று இருக்கிறது.

நெல்லை எக்ஸ்பிரஸில் கருப்பனை பிரேக் வேனில் ஏற்றலாமா என்று கேட்டிருந்தாய். வெயில் காலத்தில் வேண்டாம், ஏசி முதல் வகுப்பில் இரண்டு பேர் கூபே மொத்தமாகக் கிடைத்தால் பார், இல்லாவிட்டால் வண்டி பேசு. வழியில் தூங்கட்டும் என்று மயக்க மாத்திரை மட்டும் கொடுத்துவிடாதே, உடம்புச் சூட்டை அடக்கும் திறனே போய்விடும். மிட்டாயின் கூடையை இன்றைக்கே கூடத்தில் திறந்து வைத்து அதிலேயே சோறு போடு. கிளம்புகிற அன்று காலையில் எடுத்தால் கட்டிலுக்கு அடியில்தான் தேடுவாய்.

எழும்பூரா, தாம்பரமா, எங்கே இறங்குகிறாய் என்று மட்டும் முன்கூட்டி எழுது.

அன்புடன்,
மணி