பெர்த்திலிருந்து அப்பாவுக்கு

பெர்த்,
ஏப்ரல் 8

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு மாதமாகிறது. உடனே பதில் எழுதாததைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் நலம். உடன் தங்கியிருப்பவர்கள் இரவு வேலைக்கு மாறிவிட்டதால் வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு மட்டும்தானே என்று ரசமும் அப்பளமுமாகச் சமையலை முடித்துக்கொள்கிறேன்.

பக்கத்து வீட்டு மூதாட்டி ஞாயிறு மாலை என்னைக் கிளிகளை எண்ண அழைத்துப் போனார். ஆண்டுக்கு ஒரு மாலை, ஆஸ்திரேலியாவின் இந்தத் தென்மேற்குப் பகுதி முழுவதும் மக்கள் பறவைகள் அடையும் மரங்களருகே நின்று எண்ணுகிறார்கள். கார்னபி கறுப்புக் கொண்டைக்கிளி என்று பெயர். நம் அண்டங்காக்கையைவிடப் பெரிது, வாலில் வெள்ளைப் பட்டை. உலகில் வேறெங்கும் இது இல்லை. உள்நாட்டில் முதிய யூகலிப்டஸ் மரப்பொந்துகளில் இரண்டு முட்டையிட்டு, பெரும்பாலும் ஒரே குஞ்சை வளர்த்தெடுக்கிறது. அப்படியொரு பொந்து உண்டாக மரத்துக்கு நூறு வயதுக்கு மேலாக வேண்டும். அம்மரங்களில் பெரும்பகுதியைக் கோதுமை வயல்களுக்காக வெட்டிவிட்டார்கள். குஞ்சு பறந்ததும் கடலோரம் வந்து பேங்க்சியா என்னும் இந்நாட்டு மரங்களின் விதைகளைத் தின்னும்; அந்தக் காடுகளை அழித்துத்தான் நகரம் வளர்ந்தது. பிறகு நகருக்கு வடக்கே மரத்தேவைக்கு நட்ட பைன் தோப்புகளில் பசியாறப் பழகின. பைன் நிலத்தடி நீரை உறிஞ்சுகிறது, நகரத்தின் குடிநீரும் அதை நம்பியிருக்கிறது என்று அவற்றையும் வெட்டி வருகிறார்கள். நம் கிணறு வற்றியதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைத் தவறென்று சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் முதலில் பேங்க்சியாவை நட்டு வளர்த்திருக்க வேண்டும். இவை நெடுநாள் வாழ்பவை என்பதால், கூட்டம் பெரிதாகத் தெரிந்தாலும் அதில் பல கிழப்பறவைகளாக இருக்கலாம், குஞ்சுகள் போதவில்லை என்று மூதாட்டி வருந்தினார்.

அவை ‘வீ-லூ’ என்று நீட்டிக் கூவியபடி வந்தடைந்தபோது, நம் கிணற்றடி மொட்டைப் பனைக் கிளிகளின் சத்தம் காதில் கேட்டது போலிருந்தது. எண்ணிக்கை தவறிவிட்டது, அப்பா.

அண்ணன் பனைகளைச் செங்கல் சூளைக்கு விலை பேசியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். தேன்மொழியின் சடங்குக்குத் தாய்மாமன் சீர் நான் செய்ய வேண்டியது. அதற்காகத்தான் என்றால் விற்க வேண்டாம். வைகாசிக்குள் பணம் அனுப்பிவிடுவேன். வேலை நேரம் சற்றுக் குறைந்திருப்பதால் தாமதம், வேறொன்றுமில்லை. அக்காவிடம் இதைச் சொல்ல வேண்டாம். முன்பணம் வாங்கியாகிவிட்டதென்றால், அந்த மொட்டைப் பனையை மட்டுமாவது விட்டுவைக்கச் சொல்லுங்கள். பொந்தில் குஞ்சு இருக்கும் காலம் இது. அம்மா கண் மருத்துவரிடம் போனார்களா என்று எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகன்