பெயருக்காகக் காத்திருக்க வேண்டாம்

வெள்ளவத்தை,
கொழும்பு 06.

அன்பின் மகனுக்கு,

"அந்தமான் பக்கம் திரளும் புயலுக்கு இன்னும் பெயரே வைக்கவில்லை, அம்மா, படகுகள் நாளை மறுநாள் புறப்படலாம்" என்று நேற்றிரவு தொலைபேசியில் நீ சொன்னது விடியும்வரை என்னை உறங்கவிடவில்லை. திருகோணமலையிலிருந்து பலநாள் படகுகளை அனுப்பும் பொறுப்பு உன்னிடம் இருப்பதால் இதை எழுதியே ஆகவேண்டும்.

வங்காள விரிகுடாவில் காற்றின் வேகம் மணிக்கு 63 கிலோமீற்றரை எட்டிய பின்னரே புதுடில்லியிலுள்ள பிராந்தியப் புயல் எச்சரிக்கை மையம் புயலுக்குப் பெயர் சூட்டுகிறது. 31 இலிருந்து தாழமுக்கம், 51 இலிருந்து ஆழ்ந்த தாழமுக்கம் என்று அதற்கு முன்னரே படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளிலேயே கடல் படகுக்கு உகந்ததாக இராது. 2020 இல் வந்த புரெவி நவம்பர் 30 அன்று வெறும் தாழமுக்கமாக இருந்தது, டிசம்பர் 1 மாலையில் பெயர் பெற்றது, மறுநாள் இரவே திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்துவிட்டது. கரையிலிருந்து மூன்று நாள் ஓட்டத்தூரத்தில் வலை விரித்திருக்கும் படகுக்கு அந்த ஒரு நாள் எந்த மூலைக்குப் போதும்? 2025 நவம்பரில் டித்வா பெயர் பெற்றபோது நம் கரையோரத்துக்கே வந்துவிட்டிருந்தது. அதன் காற்றைவிட மழையும் மலைநாட்டு மண்சரிவுகளுமே உயிர்களைக் கொண்டுபோயின.

ஆகவே பெயரை விட்டுவிட்டு அதன் பிறப்பிடத்தைப் பார். கடலின் மேற்பரப்பு 26.5 பாகை செல்சியஸுக்கு மேல் இருக்கவேண்டும். இந்த மாதங்களில் நம் விரிகுடாவில் அது பெரும்பாலும் இருக்கும். பூமத்திய ரேகைக்கு மிக அருகில் என்றால் பூமியின் சுழற்சி தரும் திருப்பம் போதாது. ஏறத்தாழ 5 பாகைக்கு வடக்கே வந்தால்தான் காற்று வளைந்து சுழலத் தொடங்கும். மீதியைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மேல்காற்றும் ஈரப்பதனும்தான். இன்று காலை செய்மதிப் படங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்டுப் பார்த்தேன். அந்தமானுக்குத் தெற்கே முகில்கள் திரள்கின்றன, ஆனால் திரண்ட முகிலின் உச்சி மேற்குப் பக்கமாகச் சீவி எறியப்படுகிறது. கீழே சுழலும் மையம் கிழக்கோரத்தில் மூடலின்றித் தெரிகிறது. மேல்காற்று ஒரு திசையிலும் கீழ்க்காற்று வேறு திசையிலும் இழுக்கும்வரை அது வலுக்கச் சிரமப்படும். அந்த இழுபறி தளர்ந்து, முகில் மையத்தின் மீதே குவியத் தொடங்கினால் ஒரே இரவில் நிலைமை மாறிவிடும்.

பத்து நாளுக்குப் பின்னான கணினி வரைபடம் ஒன்றை உன் நண்பர் வாட்ஸ்அப்பில் அனுப்பியதாகச் சொன்னாய். அதைக் கண்டும் நீ பதறவேண்டாம். ஒரு கணினி மாதிரி இன்று காட்டும் சுழியை நாளை அதே மாதிரியே அழித்துவிடும்; பல மாதிரிகள் அடுத்தடுத்து ஒரே இடத்தையும் ஒரே நாளையும் காட்டத் தொடங்கும்போதுதான் எனக்கு நெஞ்சு இடிக்கும். புதுடில்லி மையம் அடுத்த ஏழு நாளுக்குத் தாழமுக்கம் உருவாகும் வாய்ப்பை நாளுக்கு நாள் பிரித்துச் சொல்கிறது: 33 சதவீதம் வரை குறைவு, 66 வரை மிதம், அதற்கு மேல் அதிகம். அதையும் நம் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடற்பிரதேச அறிவித்தலையும் சேர்த்து வாசி. "குறைவு" ஒரு நாளில் "மிதம்" ஆகினால், அந்த ஏற்றத்தையே எச்சரிக்கையாக எடுத்துக்கொள்.

இங்கே தண்டவாளத்துக்கு அப்பால் கடல் குளம்போலக் கிடக்கிறது. மேற்குக் கரையில் நின்று கிழக்கின் நிலையை அறியமுடியாது என்பது எனக்குத் தெரியும். 1978 நவம்பர் 23 அன்று மட்டக்களப்பில் 11 வயதுப் பிள்ளையாக இருந்த நான், காலையில் முற்றத்தில் விளையாடிவிட்டு, இரவில் கூரை ஓடுகள் பறந்த வீட்டில் அம்மாவின் சேலைக்குள் முகம் புதைத்துக் கிடந்தேன். விடிந்தபோது எங்கள் வளவில் ஒரு தென்னைகூட நிமிர்ந்து நிற்கவில்லை.

நாளை மறுநாள் புறப்பாட்டை இரண்டு நாள் தள்ளிவை, மகன். ஐஸுக்கும் டீசலுக்கும் ஆகும் நட்டத்தை முதலாளியிடம் நீ விளக்கவேண்டியிருக்கும். அதற்கு இந்தக் கடிதத்தையே காட்டினாலும் சரி. ஏற்கெனவே கடலில் இருப்பவர்களுக்கு வானொலியில் இன்றே சொல்லி, அந்தமானுக்குத் தெற்கே முகில் திரளும் அந்தப் பக்கம் போகவேண்டாம் என்று கேட்டுக்கொள். நாளைக் காலை அறிவித்தல் வந்ததும் எனக்கு அழை. நானும் அதைத் திறந்து வைத்துக்கொண்டுதான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா