அவர் போன பிறகுதான் நன்றி ஞாபகத்துக்கு வந்தது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளி விட்ட பிறகு என் மகன் போகிற இளைஞர் மையத்தில் மூன்று வருடமாக இருந்த பயிற்சியாளர் ஒருவர் போன மாதம் வேலையை விட்டுப் போய்விட்டார். அவர் போனதே எனக்குப் பத்து நாள் கழித்துத்தான் தெரியும், அதுவும் மகன் சொல்லி. "அண்ணன் இனிமே வரமாட்டாராம்பா" என்றான், அதற்கு மேல் ஒன்றும் பேசாமல் அறைக்குள் போய்விட்டான். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த மூன்று வருடத்தில் அவரிடம் ஒரு தடவைகூட நான் வாய் திறந்து நன்றி சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

சொல்ல விஷயம் இல்லாமல் இல்லை. என் மகன் நாலு பேர் நடுவில் பேசக் கூசுகிற பிள்ளை. சேர்த்த புதிதில் சுவரோரமாகவே நின்றுகொண்டிருப்பான். அந்தப் பயிற்சியாளர் (அவருக்கு இருபத்தைந்து வயதுகூட இருக்காது) ஆட வா, பேச வா என்று அவனை இழுக்கவே இல்லை. ஆட்டத்தின் புள்ளிக் கணக்கு எழுதும் நோட்டை அவன் கையில் கொடுத்தார். கணக்கு எழுதுகிறவனிடம் எல்லோரும் வந்து கேட்டுத்தானே ஆக வேண்டும்? முதலில் எண்ணை மட்டும் சொன்னான், பிறகு ஒரு வாக்கியம் பேசினான், ஆறேழு மாதத்தில் "அது அவுட் இல்லை, நான் பார்த்தேன்" என்று தன்னைவிட மூத்த பையனிடம் நிமிர்ந்து நின்று வாதாடினான். அதை நான் வாசலில் நின்று என் கண்ணால் பார்த்தேன். பார்த்துவிட்டு, வழக்கம்போலத் தாமதமாக வந்த அவசரத்தில், அவருக்குக் கையை ஆட்டிவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

மற்ற பெற்றோரிடம் பேசிப் பார்த்தேன், எல்லோரும் கிட்டத்தட்ட என்னைப் போலத்தான் இருக்கிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பிள்ளைகளோடு வேலை பார்க்கிறவர் என்றால் நமக்குப் பள்ளி ஆசிரியர்தான் ஞாபகத்துக்கு வருவார். விளையாட்டுப் பயிற்சியாளர், விடுமுறை முகாமில் பிள்ளைகளோடு தங்குகிறவர், மாலை நேர மையத்தை நடத்துகிறவர், வழிகாட்டியாக வாரம் ஒரு நாள் வருகிற தன்னார்வலர், இவர்களை எல்லாம் "அங்க இருக்கிறவங்க" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம். அவர்கள் பார்க்கிற வேலை என்ன என்று யோசித்துப் பாருங்கள். முதல் பிள்ளை வருவதற்கு முன்னால் வந்து, கடைசிப் பிள்ளையைக் கூட்டிப்போக ஆள் வரும்வரை கதவைப் பூட்டாமல் காத்திருக்க வேண்டும். யாருக்கு எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, யாரை யார் வந்து கூட்டிப் போகலாம், யாருக்கும் யாருக்கும் நேற்று சண்டை, எல்லாம் மனப்பாடமாக இருக்க வேண்டும். முகாமில் நடுராத்திரி வீட்டு நினைப்பில் அழுகிற பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு, விடிந்ததும் உற்சாகமாக விசில் ஊத வேண்டும். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாத ஒன்றைப் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி வந்து சொன்னால், முகம் மாறாமல் கேட்டு, அதை யாரிடம் கொண்டுபோக வேண்டுமோ அவரிடம் மட்டும் கொண்டுபோக வேண்டும். இத்தனையும் பெரும்பாலும் பகுதி நேர வேலை, நிரந்தரம் கிடையாது, மற்றவர்கள் ஓய்வெடுக்கும் மாலையும் வார இறுதியும்தான் இவர்களுக்கு வேலை நேரம்.

ஆள் மாறினால் என்ன, இன்னொருவர் வரப்போகிறார் என்று நினைக்கலாம். அது அப்படி இல்லை. பெரியவர் ஒருவரும் பிள்ளை ஒருவரும் ஜோடியாகப் பழகும் வழிகாட்டித் திட்டம் ஒன்றை வைத்து ஜீன் கிராஸ்மன், ஜீன் ரோட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2002இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஒரு வருடமோ அதற்கு மேலோ நீடித்த உறவில் பிள்ளைகளுக்குக் கிடைத்த பலன் அதிகம். மூன்று மாதத்துக்குள் முறிந்துபோன உறவில் பிள்ளைகளின் தன்மதிப்பு முன்பு இருந்ததைவிடக் குறைந்திருந்தது. அதாவது, வந்து சீக்கிரம் போய்விடுகிற ஒருவரால் பிள்ளைக்கு நல்லது நடக்காமல் போவதோடு நிற்பதில்லை, கெடுதலும் வரலாம். அப்படியானால் அங்கே வேலை பார்க்கிறவர் மனம் சோராமல் தொடர்ந்து இருப்பது நம் பிள்ளையின் விஷயம், இதில் நமக்குப் பங்கு இல்லை என்று ஒதுங்க முடியாது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போகக் கூடாது. நன்றி சொன்னால் போதும், சம்பளம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கிற நிர்வாகங்கள் இருக்கின்றன, அவர்களுக்கு இந்தக் கடிதம் சாக்காகிவிடக் கூடாது. ஃபிரெடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற உளவியலாளர் 1959லேயே இந்த இரண்டையும் பிரித்துக் காட்டிவிட்டார். சம்பளமும் வேலைச் சூழலும் சரியில்லை என்றால் மனிதனுக்கு அதிருப்தி வரும், அவை சரியாக இருந்தால் அதிருப்தி போகும், அவ்வளவுதான். வேலையில் ஈடுபாடு வருவது சாதித்த உணர்விலும், அதை நாலு பேர் மதிப்பதிலும், அந்த வேலையிலேயே இருக்கிற பொருளிலும் என்றார். அவர் சொன்னது எல்லா இடத்துக்கும் அப்படியே பொருந்துமா என்ற விவாதம் தனி, ஆனால் நான் பேசிப் பார்த்த ஊழியர்கள் விஷயத்தில் அச்சு அசலாகப் பொருந்துகிறது. மாதக் கடைசியில் வரவேண்டிய பணம் வராமல் இருக்கும்போது கையில் கொடுக்கிற சான்றிதழ் அவர்களைக் குளிர வைப்பதில்லை, கோபம்தான் வருகிறது. அதே சமயம் சம்பளம் ஒழுங்காக வந்தும் "நான் செய்வதை இங்கே யாரும் கவனிக்கவே இல்லை" என்று விட்டுப் போனவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் வேண்டும்.

சரி, பாராட்டுகிறோம் என்று கிளம்புகிற இடத்திலும் என்ன நடக்கிறது? வருடத்துக்கு ஒரு தடவை விழா வைக்கிறோம். அந்த விழாவுக்கு நாற்காலி போடுவது யார், பிள்ளைகளுக்கு நடனம் சொல்லிக் கொடுப்பது யார், மைக் வேலை செய்கிறதா என்று பார்ப்பது யார்? எந்த ஊழியர்களைப் பாராட்ட விழாவோ அதே ஊழியர்கள்தான். இரண்டு வாரம் கூடுதல் வேலை, சம்பளம் இல்லாத வேலை. பிறகு விருந்தினர்கள் ஒரு மணி நேரம் பேசுவார்கள். கடைசி ஐந்து நிமிடத்தில் "நம் ஊழியர்கள் அனைவருக்கும் நன்றி" என்று ஒரு வரி வரும், அதற்குள் பாதிப் பேர் எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். நினைவுப் பரிசில் பெயரைத் தப்பாக அச்சடித்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். வாங்கியவர் சிரித்துக்கொண்டுதான் வாங்கினார், ஆனால் அந்தப் பரிசை வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை, மையத்து அலமாரியிலேயே இருக்கிறது. சிறந்த ஊழியர் என்று ஒருவரை மட்டும் மேடையேற்றுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. பத்து பேர் சேர்ந்து இழுத்த தேருக்கு ஒருவர் கழுத்தில் மட்டும் மாலை போட்டால் மற்ற ஒன்பது பேரும் அடுத்த நாள் எப்படி இழுப்பார்கள்? இதில் வேனை ஓட்டுகிறவரும் கழிப்பறையைச் சுத்தம் செய்கிறவரும் அந்தப் பத்திலேயே வருவதில்லை. பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களுக்கு அந்த இருவரின் பெயரும் தெரியும்.

பாராட்டு என்பது குறிப்பாக இருக்க வேண்டும். "சூப்பர் சார், கலக்கிட்டீங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் கட்டைவிரல் படம் போடுவதும் ஒன்றுதான், போடாமல் இருப்பதும் ஒன்றுதான். என்ன செய்தார், அதனால் என் பிள்ளைக்கு என்ன ஆனது, இந்த இரண்டும் அதில் இருக்க வேண்டும். புள்ளிக் கணக்கு நோட்டைக் கொடுத்தீர்கள், என் மகன் பேச ஆரம்பித்தான். இப்படிச் சொன்னால் அவருக்குத் தன் வேலையின் விளைவு தெரிகிறது. இளைஞர்களோடு வேலை செய்கிறவர்களுக்கு இது ரொம்பவே தேவை, ஏனென்றால் தச்சர் தான் செய்த மேசையை அன்றே பார்க்கிறார், இவர்கள் செய்ததோ பத்து வருடம் கழித்து எங்கோ வெளிப்படும், அப்போது அவர்கள் பக்கத்தில் இருக்கமாட்டார்கள்.

மேலதிகாரிகளுக்கும் இதில் பங்கு உண்டு. ஆடம் கிராண்ட், ஃபிரான்செஸ்கா ஜீனோ இருவரும் 2010இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழகத்துக்காக நன்கொடை கேட்டுத் தொலைபேசியில் பேசுகிற ஊழியர்களில் ஒரு பகுதியினரை மட்டும் இயக்குநர் நேரில் வந்து சந்தித்து நன்றி சொன்னார். அடுத்த வாரம் அவர்கள் பேசிய அழைப்புகள் ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடின. நன்றி கேட்காதவர்களிடம் அப்படி எதுவும் நடக்கவில்லை. அந்த இயக்குநர் பணம் எதுவும் கொடுக்கவில்லை, நடந்து வந்து நாலு வார்த்தை பேசினார்.

வாயால் சொல்லாத நன்றியும் இருக்கிறது. பிள்ளையைக் கூட்டிப்போகச் சொன்ன நேரத்துக்கு வருவது அதில் முதல். என் பத்து நிமிடத் தாமதம் அவர் வீட்டில் அவருடைய பிள்ளையிடமிருந்து எடுத்த பத்து நிமிடமாக இருக்கலாம் என்று நான் நினைத்துப் பார்த்ததே இல்லை. முகாம் முடிந்த மறுநாள் ஊழியருக்கு விடுப்பு கொடுப்பது, அடுத்த வருடத் திட்டத்தைப் போடும்போது அவரைக் கூப்பிட்டுக் கேட்பது, பந்தும் பேப்பரும் அவர் தன் காசில் வாங்காமல் பார்த்துக்கொள்வது, இதெல்லாம் நிர்வாகம் செய்ய வேண்டியது. பெற்றோர் செய்யக்கூடிய இன்னொன்று, ஊழியரைப் பற்றி அவருடைய மேலாளருக்கு நாலு வரி எழுதிப் போடுவது. குறை இருந்தால் அன்றைக்கே எழுதுகிறோம். நிறையை எழுதினால் அது அவருடைய கோப்பில் இருக்கும், நாளைக்கு வேறு வேலைக்குப் போகும்போதும் உதவும்.

எழுதக் கூச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன். நான் இப்போது அந்தப் பயிற்சியாளருக்கு எழுத உட்கார்ந்தேன். இத்தனை நாள் கழித்து எழுதினால் என்ன நினைப்பார், மிகையாகத் தெரியுமோ என்று மூன்று நாள் தள்ளிப் போட்டேன். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2018இல் இதைத்தான் ஆராய்ந்திருக்கிறார்கள். நன்றிக் கடிதம் எழுதுகிறவர்கள், வாங்குகிறவருக்குச் சங்கடமாக இருக்கும் என்று இருப்பதைவிட அதிகமாக நினைக்கிறார்கள், அவர் அடையப்போகிற வியப்பையும் மகிழ்ச்சியையும் குறைவாக நினைக்கிறார்கள். வாசகம் சரியாக வரவில்லையே என்ற கவலை எழுதுகிறவருக்குத்தான், வாங்குகிறவர் அதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. நாலாம் நாள் எழுதிவிட்டேன். மையத்தில் கொடுத்து அவருக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். என் மகன் தனியாக ஒரு பக்கம் எழுதி ஒட்டிக் கொடுத்தான், என்னைப் படிக்க விடவில்லை.

உங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். ஆகஸ்ட் 12 சர்வதேச இளைஞர் தினம், 1999இல் ஐ.நா. முடிவு செய்த நாள். ஒவ்வொரு வருடமும் அன்று இளைஞர்களைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன, ஆர்வமாகப் படிக்கிறேன். அந்த இளைஞர்களோடு நிற்கிறவர்களுக்கும் அன்று அரைப் பக்கம் ஒதுக்குங்கள். வாசகர்கள் எழுதட்டும். ஒரு ஊழியர், அவர் செய்த ஒரு காரியம், அதனால் மாறிய ஒன்று, ஐந்தாறு வரி போதும். பெற்றோர் மட்டுமல்ல, வளர்ந்து வேலைக்குப் போய்விட்ட பழைய பிள்ளைகளும் எழுதினால் நன்றாக இருக்கும். முதல் கடிதத்தை நானே தருகிறேன். அவர் பெயரைப் போடலாமா என்று அவரிடம் கேட்டிருக்கிறேன், பதில் வந்ததும் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்