தொண்டைவலிக்கு ஐஸ் மீது பழி போடலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு பதிப்பின் மருத்துவப் பக்கத்தில், பிள்ளைகளுக்கு டான்சில் வீங்குவது தாய்மார்கள் வாங்கிக் கொடுக்கும் ஐஸால்தான் என்றும், காய்ச்சல் தணிந்ததும் மருந்தை நிறுத்திவிடலாம் என்றும் எழுதியிருந்ததைப் படித்து மனம் நொந்து எழுதுகிறேன்.

தொண்டைவலி கிருமியால் வருவது என்பது தாங்கள் அறியாததன்று. பெரும்பாலும் அது வைரஸ். சளி, இருமல், குரல் கம்மலோடு வந்து ஒரு வாரத்தில் தானே அடங்கும், ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. இருமலே இல்லாமல் திடீரெனக் காய்ச்சல் அடித்து, டான்சிலில் வெண்படலம் படிந்து, கழுத்தில் நெறிகட்டி வலித்தால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளைத்தான் அது அதிகம் பிடிக்கிறது. அதற்கு மருத்துவர் தரும் பெனிசிலினையோ அமாக்ஸிசிலினையோ, காய்ச்சல் இரண்டாம் நாளே விட்டாலும், அவர் சொன்ன நாள்வரை, வழக்கமாக 10 நாள், கொடுத்து முடிக்க வேண்டும்.

என் தம்பி தமிழ்ப்பள்ளியில் படித்த காலத்தில், காய்ச்சல் விட்டதென்று வீட்டுப் பெரியவர்கள் மருந்தை நிறுத்தினார்கள். சில வாரங்களில் முட்டியும் கணுக்காலும் மாறி மாறி வீங்கின; அந்தத் தொண்டைத் தொற்றின் பின்விளைவாக மூட்டையும் இதயத்தையும் தாக்கும் ருமாட்டிக் காய்ச்சல் என்றார்கள். இதய வால்வு பழுதாகி, மற்ற பிள்ளைகள் திடலில் ஓடிய வயதில் அவன் மாதந்தோறும் பெனிசிலின் ஊசிக்கு வரிசையில் நின்றான். ஐஸ் வாங்கிக் கொடுக்க எங்கள் அம்மாவிடம் காசு இருந்ததில்லை, ஐயா.

இது முதல் முறையுமன்று. கை, கால், வாய் நோய் பரவியபோது பாலர் பள்ளிக் குழந்தைகளின் வாய்ப்புண்ணை வெறும் உடல் சூடு என்றது இதே பக்கம். டான்சில் பெரிதாகத் தெரிந்தாலே அறுத்துவிட வேண்டும் என்றதும் இதே பக்கம். ஓராண்டில் 7 முறையோ, 2 ஆண்டுகளாக ஆண்டுக்கு 5 முறையோ, 3 ஆண்டுகளாக ஆண்டுக்கு 3 முறையோ தொண்டைவலி கடுமையாக வந்தால்தான், அல்லது உறக்கத்தில் மூச்சு அடைபட்டால்தான் மருத்துவர்கள் பொதுவாக அறுவையைப் பற்றிப் பேசுகிறார்கள். அப்போதும் எழுதினேன், ராசிபலனுக்குக் கிடைத்த இடம் என் கடிதத்திற்குக் கிடைக்கவில்லை. பழியை மட்டும் ஒவ்வொரு முறையும் தாய்மார்கள்தாம் சுமக்கிறோம்.

வரும் ஞாயிறன்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். பிள்ளை எச்சில் விழுங்க முடியாமல் வழியவிட்டாலோ, வாய் திறக்க முடியாவிட்டாலோ, மூச்சுத் திணறினாலோ கிளினிக் திறக்கக் காத்திராமல் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் சேருங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஜெலுத்தோங், பினாங்கு