போன தடவ போட்ட பேப்பரையே போட்டுடாதீங்க: நம்ம கஸ்டமர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

பினாங்கு, பிறை, சுங்கை பட்டாணி பக்கத்துல இருந்து எங்க கார்கோ ஓப்பிஸ் மூலமா ரேடியோஆக்டிவ் சாமான் அனுப்புற அண்ணன், அக்கா, தம்பி, தங்கச்சி எல்லாருக்கும் சேத்துதான் இத எழுதுறேன். கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும். உங்க கம்பெனி ஆர்பிஓ (கதிர் பாதுகாப்பு அதிகாரி) மட்டும் படிச்சா பத்தாது, ஸ்டோர்ல பாக்ஸ் கட்டுற தம்பியும் ஓப்பிஸ்ல பேப்பர் டைப் பண்ற தங்கச்சியும் படிக்கணும், அதனாலதான் பேசுற மாதிரியே எழுதுறேன்.

எங்களுக்கு வாரத்துக்கு ஒரு தடவயாவது வர்ற வாட்சாப் மெசேஜ் ஒன்னு இருக்கு: "போன தடவ அனுப்புனதேதான் பாஸ், அதே பேப்பர்ல தேதிய மட்டும் மாத்திடுங்க". மெஷின் பார்ட்ஸ்னா உடனே சரின்னு சொல்லிடுவோம். கிளாஸ் 7, அதாவது ரேடியோஆக்டிவ் சாமானுக்கு மட்டும் முடியாதுன்னு சொல்றோம், அதுல சில பேருக்கு எங்க மேல வருத்தம்னும் தெரியும். ஏன் முடியாதுங்கிறத ஒரு தடவ முழுசா சொல்லிடுறேன்.

மொதல்ல, அது அதே சாமான் கிடையாது. வெல்டிங் டெஸ்ட் பண்ற ரேடியோகிராபி கம்பெனிங்க வெச்சிருக்கிற இரிடியம்-192 எடுத்துக்குங்க. அதோட ஹாப் லைப், அதாவது கதிர் அளவு பாதியா கொறயுற காலம், கிட்டத்தட்ட 74 நாள். புதுசா வரும்போது 100 கியூரி, அதாவது 3.7 டெராபெக்கரல்னு வெச்சுக்குங்க, ரெண்டரை மாசம் கழிச்சு அதே சோர்ஸ திருப்பி அனுப்பும்போது பாதிதான் இருக்கும். டிக்ளரேஷன்ல, அதாவது அனுப்புறவர் சைன் போட்டுக் குடுக்குற பார்ம்ல, எழுத வேண்டியது பயணத்தப்போ இருக்கிற அதிகபட்ச அளவு, சோர்ஸ் வாங்குன அன்னிக்கு சர்டிபிகேட்ல போட்டிருந்த அளவு இல்ல. அதுவும் பெக்கரல்ங்கிற யூனிட்ல எழுதணும். கியூரிய மட்டும் எழுதிக் குடுத்தா கவுண்டர்ல திருப்பிடுவாங்க. 1 கியூரி 37 ஜிகாபெக்கரல், இத ஸ்டோர் சுவத்துல எழுதி ஒட்டி வெச்சுக்குங்க, மெகாவா ஜிகாவாங்கிற கொழப்பத்துல ஆயிரம் மடங்கு தப்பு வந்த பேப்பர நானே கையில வாங்கியிருக்கேன்.

அடுத்தது ஸ்பெஷல் பார்ம் சர்டிபிகேட். இதுலதான் நெறய பேர் மாட்டிக்கிறீங்க, அதனால கொஞ்சம் விளக்கமா சொல்றேன். ரோடு போடுறவங்க மண்ணு சரியா இறுகிருச்சான்னு பாக்குற கேஜ் இருக்குல்ல, அதுல சாதாரணமா சீசியம்-137 ஒரு 10 மில்லிகியூரியும் அமெரிசியம்-பெரிலியம் ஒரு 40 மில்லிகியூரியும் இருக்கும். 40 மில்லிகியூரின்னா 1.48 ஜிகாபெக்கரல். அமெரிசியம்-241-ஐ டைப் ஏங்கிற வகை பெட்டியில சாதாரணமா அனுப்பணும்னா 1 ஜிகாபெக்கரல்தான் எல்லை. அப்போ 1.48 எப்படி டைப் ஏ பெட்டியில போகுது? கதிர் பொருள் அடைச்சிருக்கிற அந்த கேப்சூல் இடிச்சாலும் சூடாக்குனாலும் ஒடஞ்சு கசியாதுன்னு டெஸ்ட் பண்ணி ஒரு நாட்டு அரசாங்கம் சர்டிபிகேட் குடுத்திருக்கு, அதான் ஸ்பெஷல் பார்ம். அது இருந்தா எல்லை 10,000 ஜிகாபெக்கரலுக்குப் போயிடும். யூஎன் 3332-ன்னு அந்த வகைக்கான ஐ.நா. நம்பர போட்டு நிம்மதியா அனுப்பலாம். ஆனா அந்த சர்டிபிகேட்டுக்கு முடியுற தேதி ஒன்னு இருக்கு. அது முடிஞ்சிருச்சுன்னா பேப்பர் கணக்குப்படி உங்க கேஜ் அந்தப் பெட்டிக்குள்ள போகவே கூடாத சாமான் ஆயிடுது. பெட்டியும் அதேதான், கேப்சூலும் அதேதான், ஒரு தேதி தாண்டுனதுக்கு இவ்வளவு.

போன வருஷம் நம்ம கஸ்டமர் ஒருத்தருக்கு இதேதான் நடந்துச்சு. கேஜ காலிபரேஷனுக்கு வெளிநாடு அனுப்பணும், போன தடவ பேப்பர அப்படியே குடுத்தாரு, நாங்களும் அந்தத் தேதிய பாக்காம விட்டுட்டோம், அது எங்க தப்பு, மறைக்கல. ஏர்லைன் கவுண்டர்ல செக்லிஸ்ட் வெச்சு ஒவ்வொரு வரியா பாத்தாங்க, ஒரு இடத்துல 'இல்ல'ன்னு டிக் விழுந்தாலும் சாமான் ஏறாது, சர்டிபிகேட் முடிஞ்சு நாலு மாசம் ஆயிருந்துச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு அந்தப் பெட்டிய லோரியில திரும்ப ஏத்தி அவரோட லைசென்ஸ் உள்ள ஸ்டோருக்கே கொண்டு போனோம், வேற எங்கயும் ராத்திரி வெக்க முடியாதுல்ல. கேஜ் செஞ்ச கம்பெனிக்கு ஈமெயில் போட்டா ரெண்டே நாள்ல புதுப்பிச்ச சர்டிபிகேட் வந்துருச்சு. அது முன்னாடியே ரெடியாத்தான் இருந்திருக்கு, யாரும் கேக்கல, அவ்வளவுதான். அவருக்கு பிளைட்டும் போச்சு, சைட்டுல ஒரு வார வேலையும் போச்சு.

இரிடியம் அனுப்புறவங்களுக்கு இதே மாதிரி பெட்டிக்கே ஒரு சர்டிபிகேட் உண்டு, டைப் பிங்கிற இன்னும் கெட்டியான பெட்டி வகைக்கான டிசைன் அப்ரூவல், அதுக்கும் தேதி இருக்கு. ரெண்டையும் பாருங்க.

லேபிள் விஷயத்துக்கு வர்றேன். ரேடியோஆக்டிவ் லேபிள் மூணு வகை, வெள்ளை ஒன்னா, மஞ்ச ரெண்டா, மஞ்ச மூணாங்கிறத கதிர் அளக்குற மீட்டர் வெச்சு அளந்துதான் சொல்ல முடியும். பெட்டிய ஒட்டியும் அளக்கணும், ஒரு மீட்டர் தள்ளியும் அளக்கணும். ஒரு மீட்டர்ல ஒரு மணி நேரத்துக்கு வர்ற மில்லிசீவர்ட் கணக்க நூறால பெருக்குனா வர்றதுதான் டிரான்ஸ்போர்ட் இண்டெக்ஸ். இங்க ஒரு நுணுக்கம் இருக்கு, தசமத்துக்கு அப்புறம் ஒரு எண்ணுக்கு எப்பவும் மேல ஏத்தித்தான் எழுதணும். ஒரு மீட்டர்ல மணிக்கு 10.2 மைக்ரோசீவர்ட், அதாவது 0.0102 மில்லிசீவர்ட் வந்துச்சுன்னா கணக்கு 1.02, பள்ளிக்கூடத்துல படிச்ச மாதிரி 1.0-ன்னு எழுதுனா மஞ்ச ரெண்டு, சரியா ஏத்தி 1.1-ன்னு எழுதுனா மஞ்ச மூணு. லேபிளே மாறிடுது பாருங்க. ஒவ்வொரு தடவயும் புதுசா அளங்க, மீட்டரோட காலிபரேஷன் தேதியையும் பாத்துக்குங்க. பெட்டியோட ரெண்டு எதிர் பக்கத்துலயும் லேபிள் ஒட்டணும். வைப் டெஸ்ட் (துடைச்சு எடுத்து அளக்குறது) எடுத்து, பெட்டி வெளிப்பக்கத்துல இருந்து துடைச்சா வர்ற கதிர் அழுக்கு பீட்டா, காமாவுக்கு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 4 பெக்கரலுக்குள்ள, அமெரிசியம் மாதிரி ஆல்பாவுக்கு 0.4-க்குள்ள இருக்கான்னு பாக்கணும்.

காலி பெட்டி அனுப்புறவங்க ஒரு நிமிஷம் கவனிங்க. "உள்ள ஒன்னும் இல்லயே, சாதா கார்கோவா போட்டுடுங்க"ன்னு சொல்லாதீங்க. காலிக்கும் யூஎன் 2908-ன்னு நம்பர் இருக்கு. டிக்ளரேஷன் பார்ம் தேவயில்ல, ஆனா ஏர்வே பில்லுல எழுதியே ஆகணும். இரிடியம் பெட்டிங்க நெறய டிப்ளீட்டட் யுரேனியத்த (கதிர் வீரியம் கொறஞ்ச யுரேனியம்) கவசமா வெச்சு செஞ்சது, அந்த யுரேனியம் வெளிய தெரியாம வேற உலோகமோ அது மாதிரி கெட்டியான பொருளோ வெச்சு மூடியிருக்கணும். பழைய மஞ்ச லேபிள உரிச்சுடணும், இல்லன்னா மறைச்சுடணும். காலிப் பெட்டியில மஞ்ச லேபிள பாத்துட்டு நாலு பேர் பயந்து வேலைய நிறுத்துன நாள் உண்டு.

பெர்மிட் விஷயம் உங்களுக்கே தெரியும், சுருக்கமா சொல்றேன்: 1984-ஆம் வருஷத்து சட்டம் 304-படி லைசென்ஸ், அதுக்குக் கீழ 1989-ல வந்த போக்குவரத்து விதி, நாட்ட விட்டு வெளிய போகணும்னா ஆட்டம் மலேசியா (அணுசக்தித் துறை) பெர்மிட், அப்புறம் கஸ்டம்ஸோட கே2 ஏற்றுமதி பார்ம். ஆஸ்பத்திரி சாமான்னா சுகாதார அமைச்சுப் பக்கம் போகணும்.

கையெழுத்து பத்தி ஒன்னு கேட்டுக்கிறேன். ஓரத்துல சாய்வு கோடு போட்ட அந்த டிக்ளரேஷன் பார்ம்ல சைன் போடுறவர், உள்ள இருக்கிறது இதுதான், சரியா கட்டியிருக்கேன்னு சட்டப்படி சொல்றார். அந்தப் பெட்டிய கட்டுனது நாங்க இல்ல, அளந்ததும் நாங்க இல்ல. அதனால "நீங்களே சைன் போட்டுடுங்க"ன்னு கேக்காதீங்க, போட மாட்டோம். அளவுலயோ நம்பர்லயோ ஒரு எழுத்த திருத்துனாலும் கீழ சைன் போட்டவரே திருத்தத்துக்குப் பக்கத்துலயும் அதே சைன போடணும். சைன் போடுறவருக்கு 24 மாசத்துக்குள்ள எடுத்த டிஜி (ஆபத்தான சாமான்) டிரெய்னிங் இருக்கணும். காப்பிய மூணு மாசமாவது பத்திரமா வைங்க, நாங்க அதுக்கும் மேல வெக்கிறோம்.

இவ்வளவு கெடுபிடி எதுக்குன்னு கேக்குறவங்களுக்கு சொல்றேன். எங்க லோரி இந்தப் பெட்டியோட பினாங்கு பாலத்துல போகுது. நடு பாலத்துல மழையில ஒரு விபத்துன்னு வெச்சுக்குங்க, மொதல்ல ஓடி வர்ற பொம்பா (தீயணைப்பு) ஆளுக்கு கதிர் கண்ணுக்குத் தெரியாது. டிரைவர் சீட்டுப் பக்கம் இருக்கிற பேப்பரும் பெட்டி லேபிளும்தான் அவருக்குக் கண்ணு. கிட்ட போலாமா, எவ்வளவு தள்ளி நிக்கணும், யாருக்குப் போன் போடணும், எல்லாம் அதுலதான் இருக்கு. 2018 ஆகஸ்ட்ல செரம்பானுக்கும் ஷா ஆலாமுக்கும் நடுவுல பிக்கப் வண்டியில இருந்து இரிடியம் டிவைஸ் ஒன்னு காணாம போனது ஞாபகம் இருக்கும். 1987-ல பிரேசில் நாட்டு கோயானியாவுல கைவிட்ட கிளினிக்ல கெடந்த சீசியம் சோர்ஸ என்னன்னே தெரியாம ஒடச்சு நாலு பேர் செத்தாங்க. எங்க டிரைவருங்களுக்கும் வீட்டுல புள்ளைங்க இருக்கு, பழைய பேப்பர அவங்க கையில குடுத்து அனுப்ப எனக்கு மனசு வராது.

ஜனவரி 1-ல இருந்து ஐயாட்டா (ஏர்லைன் சங்கம்) போடுற ஆபத்தான சாமான் விதி புத்தகத்தோட புது பதிப்பு நடைமுறைக்கு வந்துடும், பழச பாத்து பார்ம் அடிக்காதீங்க. அதுக்கப்புறம் தைப்பூச லீவு வேற வருது, தண்ணிமலை பக்கம் ரோடெல்லாம் அடைச்சிருக்கும், ஓப்பிஸும் மூடியிருக்கும், சாமான் நடுவுல மாட்டிக்கக் கூடாது. தைப்பூசத்துக்கு முன்னாடி அனுப்ப இருக்கிறவங்க அஞ்சு வேலை நாளுக்கு முன்னாடியே பேப்பர குடுத்துடுங்க. அனுப்ப எதுவும் இல்லாதவங்களும் உங்ககிட்ட இருக்கிற ஸ்பெஷல் பார்ம், டைப் பி சர்டிபிகேட்டோட மொத பக்கத்த போட்டோ எடுத்து எங்க வாட்சாப்புக்குப் போடுங்க, தேதி முடியப் போகுதான்னு நாங்க பாத்துச் சொல்றோம், அதுக்கு காசு கிடையாது.

அன்புடன்,
உங்க கார்கோ ஓப்பிஸ், பாயான் லெப்பாஸ்