கைட்டோசானைக் கரைக்கும் முறையையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இயற்கைப் பொருள்களைக் கொண்டு பயிர் நோய்களைக் கட்டுப்படுத்துவது பற்றிய கட்டுரையில் கைட்டோசானுக்கும் இடம் தந்திருந்தீர்கள், மகிழ்ச்சி. ஆனால் "தண்ணீரில் கலந்து தெளிக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்திருக்க வேண்டாம். அதை நம்பித் தெளிப்பவருக்கு நோயும் அடங்காது, தெளிப்பான் முனையும் அடைத்துக்கொள்ளும்.

இறால், நண்டு ஓடுகளிலுள்ள கைட்டின் என்ற பொருளை அடர் காரத்தில் சூடாக்கிப் பெறுவதுதான் கைட்டோசான். சாதாரணப் பொடி வெறும் நீரில் கரையாது, அமிலம் கலந்த நீர் வேண்டும். (உறையில் 'கைட்டோசான் ஹைட்ரோகுளோரைடு' என்றிருந்தால் அது உப்பு வடிவம், நீரிலேயே கரையும். ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் பயிர்ப் பாதுகாப்புக்கான அடிப்படைப் பொருளாக ஏற்றது இந்த வடிவத்தைத்தான்.)

சாதாரணப் பொடி என்றால், 10 கிராமை 800 மில்லி நீரில் சிறிது சிறிதாகத் தூவிக் கலக்குங்கள். அது நன்றாகப் பரவிய பிறகு 5 சதவீத வினிகர் 200 மில்லி ஊற்றுங்கள். வரிசை மாறக் கூடாது. அமில நீரில் பொடியைக் கொட்டினால் மேற்புறம் உடனே பசையாகி, உள்ளே உலர்ந்த கட்டி அப்படியே நின்றுவிடும். இடையிடையே கலக்கி ஓர் இரவு வைத்து, துணியில் வடிகட்டி, நீர் சேர்த்து 10 லிட்டராக்கினால் 0.1 சதவீதக் கரைசல் கிடைக்கும். இளந்தளிர்களுக்கு 20 லிட்டராக்கிக்கொள்வது நல்லது.

பெரும்பாலானோர் தவறவிடுவது அடுத்த படியை. தெளிக்கும் முன் அமில-கார நிலையைக் காட்டும் பி.எச். தாளில் பாருங்கள், 5.5-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மிகவும் புளித்திருந்தால் தளிர் விளிம்பு கருகும். 6.5-ஐத் தாண்டினாலோ கைட்டோசான் வெள்ளைத் திரியாகப் பிரிந்துவிடும். கிணற்று நீரில் பைகார்பனேட் அதிகமிருந்தால் நீர் சேர்க்கும்போதே இது நடக்கும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ கலவையோடு சேர்க்கக் கூடாததற்கும் இதுவே காரணம். தவிர, மயில்துத்தத்திலுள்ள தாமிரத்தையும் கைட்டோசான் பிடித்துக்கொள்ளும். சோப்புக் கரைசலும் வேண்டாம், அதுவும் திரிய வைக்கும்.

இது நோயைக் குணப்படுத்தும் மருந்தல்ல என்பதையும் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். கைட்டினும் கைட்டோசானும் பூஞ்சைகளின் உடலில் உள்ளவை. இலையில் அவை பட்டதும், பூஞ்சை வந்துவிட்டதாகவே செடி எடுத்துக்கொண்டு, பூஞ்சைச் சுவரை உடைக்கும் நொதிகளையும் பீனால்களையும் உண்டாக்கி, தன் செல்சுவரைத் தடிப்பாக்குகிறது. அதற்குச் சில நாள்கள் பிடிக்கும். சாம்பல் நோய் இலை முழுக்கப் படர்ந்த பின் தெளித்துவிட்டு 'பலன் இல்லை' என்று முடிவு கட்டுவது நியாயமன்று. நோய் வரும் பருவத்துக்கு முன்பே தொடங்கி, புதுத் தளிர் விடுவதைப் பார்த்து 10 முதல் 14 நாள்களுக்கு ஒருமுறை தெளிக்க வேண்டும். நீர் சேர்த்த கரைசலை அன்றே தீர்த்துவிடுங்கள்.

கட்டுரை தொடாத இன்னொன்று, இறால், நண்டு ஓட்டுப் பொடியை நேரடியாக மண்ணில் இடுவது. அங்கே வேலை செய்வது பொடியல்ல, அதைத் தின்று பெருகும் ஆக்டினோமைசீட்ஸ் போன்ற நுண்ணுயிர்கள். கைட்டினை உடைக்கப் பழகிய அவை, வாடல் நோய்ப் பூஞ்சையின் சுவரையும் நூற்புழு முட்டையின் ஓட்டையும் தாக்கும். நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியத்தின் சுவர் பெரும்பாலும் கைட்டினல்ல, குளுக்கனும் செல்லுலோஸும் என்பதால், அதனிடம் இந்த வழியில் அதே பலனை எதிர்பார்க்க முடியாது. ஓட்டுப் பொடியில் தழைச்சத்து மிகுதி. மட்கும்போது அம்மோனியா வெளிப்பட்டு இளம் வேரைக் கருக்கும். ஆகவே பொடியைக் கலந்து, ஈரம் காத்து, குறைந்தது இரண்டு மூன்று வாரம் கழித்தே விதைக்க வேண்டும். நாற்றங்காலில் அளவைக் கூட்டவே கூடாது.

இப்படிக்கு,
பயிர் நோயியல் துறை சார்ந்த வாசகர்