அம்மாவே கையெழுத்துப் போட்டுவிட்டாள்

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் என்று முடிவாகிவிட்டது. ஒப்புதல் படிவத்தில் அவளே கையெழுத்துப் போட்டாள்; எனக்கும் உன் அக்காவுக்கும் அதில் வேலையே இல்லை. "78 வயசுல வயித்தைக் கிழிக்கணுமாப்பா?" என்று அன்றைக்கு நீ கேட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது. அதைப் பற்றி அவள் ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகு உனக்கும் வேலை அதிகம் போலிருக்கிறது.

உன் கேள்வியைத்தான் நானும் டாக்டரம்மாவிடம் கேட்டேன். வயதை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லையாம். இதயம், நுரையீரல், சிறுநீரகம் எப்படி, எடை எவ்வளவு இறங்கியிருக்கிறது, ரத்தத்தில் ஆல்புமின் என்கிற புரதம் எவ்வளவு, கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா என்றெல்லாம் பார்க்கிறார்கள். அம்மா எழுந்து விறுவிறுவென்று நடந்து காட்டினாள். என்னை நடக்கச் சொல்லியிருந்தால்தான் சங்கடம்.

சும்மா விட்டுவிடலாமே என்பாய். புற்றுநோய்க் கட்டி இரைப்பையின் கீழ்ப்பக்கம், குடலுக்குப் போகிற வாய்க்குப் பக்கத்தில் இருக்கிறது. வளர்ந்தால் வழியை அடைத்துவிடும், சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்துவிடும். இப்போதே ரத்தம் கசிந்து கசிந்துதான் அவளுக்கு அந்தச் சோகை. வேறெங்கும் பரவியதாக ஸ்கேனில் தெரியவில்லை. பரவியிருந்தால் நீ சொன்னதுதான் சரி, நானே வேண்டாம் என்றிருப்பேன்.

இரைப்பையில் பெரும்பகுதியையும் சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டு, மிச்சத்தைச் சிறுகுடலோடு இணைப்பார்களாம். இப்படிப் புற்றுநோய்க்காக இரைப்பையில் ஒரு பகுதியை எடுப்பதை முதன்முதலில் வெற்றியாகச் செய்தவர் பில்ராத் என்கிற சர்ஜன், 1881-ல், வியன்னாவில். அவர் ஆபரேஷன் செய்த பெண் தேறி எழுந்தாள், ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பி இறந்துபோனாள். அக்கா மகன் படித்துச் சொன்னான். நீ அம்மாவிடம் பேசும்போது இதைச் சொல்லிவைக்காதே.

பயமில்லை என்று சொல்லமாட்டேன். இணைத்த இடம் கசியலாம், சளி கட்டி நிமோனியா வரலாம். வயதானவர்களுக்கு அதைத் தாங்கும் தெம்பு குறைவு. அதனால் இப்போதிருந்தே மூன்று பந்து வைத்த ஒரு கருவியைக் கொடுத்து மூச்சை இழுத்துப் பழகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது பந்து ஏறிவிட்டால் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்க்கிறாள். உனக்குப் பரிசு கிடைத்தபோதெல்லாம் பார்த்த அதே பார்வை.

இன்னொன்று. இந்த வயதில் ஆபரேஷன் முடிந்து சில நாள் புத்தி தடுமாறலாமாம், ஆள் அடையாளம் தெரியாமல் பேசலாமாம். பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடியைப் போட்டுவிட வேண்டும், பழகிய குரல் காதில் விழுந்துகொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். என் குரல் அவளுக்கு எப்போதோ சலித்துவிட்டது.

வீட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பாடு, சாப்பிடும்போது தண்ணீர் கூடாது, இனிப்பு கூடாது, பி12 வைட்டமின் குறைகிறதா என்று அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. அதெல்லாம் நானும் அக்காவும் பார்த்துக்கொள்வோம். உன்னை அதற்காகக் கூப்பிடவில்லை.

நீ எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள். பாட்டிக்கும் கடைசியில் 'வயிற்றுப்புண்' என்றுதானே சொன்னார்கள். பெற்றவர்களுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்தப் புற்றுநோய் இருந்தால் மற்றவர்களுக்கும் வாய்ப்பு கூடுதலாம். ஹெலிகோபாக்டர் என்கிற கிருமி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். இருந்தால் பெரும்பாலும் மாத்திரையிலேயே போய்விடும். நீ பாட்டுக்கு அசிடிட்டி மாத்திரையை முழுங்கிக்கொண்டே இருக்கிறாய். வலி அடங்குமே தவிர, உள்ளே ஏதாவது இருந்தால் அதுவும் தெரியாமல் போய்விடலாம். அக்கா பார்த்துவிட்டாள், ஒன்றுமில்லை. மூன்று பேருக்கு ஒரே ஆளாகச் சம்பாதிக்கிறவன், உன் வயிற்றை நீதான் பார்க்க வேண்டும். எண்டோஸ்கோப்பி பார்த்துக்கொள்.

புதன்கிழமை அட்மிஷன். உள்ளே போகும்போது போனை என்னிடம் கொடுத்துவிடுவாள். செவ்வாய் இரவு பத்து மணி வரை அவளிடம்தான் இருக்கும். தூக்கம் வராமல் அதற்கு மேலும் விழித்திருப்பாள்.

அப்பா